காது எந்த மாநிலத்தில் இருந்தது?

மனிதகுலம் பல்லாயிரம் ஆண்டுகளாக உரிமம் இல்லாதவர்களின் பேச்சைக் கேட்டுத்தான் சாப்பிட்டு வந்தது. அப்படியும் அது பூண்டோடு அழியாமல் தப்பியதற்கு அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது. "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடு" என்று யாரோ சொன்னார்கள், சாப்பிட்டார்கள். "அது உனக்கு ஆகாது" என்று யாரோ சொன்னார்கள். தட்டைத் தள்ளி வைத்தார்கள். சொன்னவருடைய தகுதி என்ன, எந்த மாநிலத்தில் பதிவு, இந்த ஆண்டின் புதுப்பிப்புக் கட்டணத்தைக் கட்டிவிட்டாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த இருண்ட காலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த பெருமை அமெரிக்க மாநிலங்களைச் சேரும். அவற்றுள் முதலிடம் எதற்கு என்பதை நான் சொல்லக் கூடாது. நான் எங்கள் மாநில உணவு ஆலோசகர் உரிம வாரியத்தின் செயலாளர். சொன்னால் தற்பெருமை ஆகிவிடும்.

என் பெயர் லைல் ப்ரூவெட். இதற்கு முன்பு முடிதிருத்துவோர் உரிம வாரியத்தில் செயலாளராக இருந்தேன். ஊட்டச்சத்து பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இதைக் குறையாகப் பேசுகிறவர்கள் உண்டு. வாரியம் அப்படி நினைக்கவில்லை. விஷயம் தெரிந்தவன் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுவான். தெரியாதவன்தான் 'நடுநிலை' வகிக்க முடியும். எங்கள் அலுவலகம் தலைநகரில், வாகனப் பதிவு அலுவலகத்துக்கு மேல் மாடியில் இருக்கிறது. வாசலில் காசு போட்டால் சிப்ஸும் சாக்லேட்டும் தள்ளும் இயந்திரம் ஒன்று உண்டு. அது யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை, கேட்டதைக் கொடுக்கிறது. ஆகவே அது எங்கள் அதிகார வரம்புக்குள் வராது.

எங்கள் சட்டம் மிக எளிமையானது. இன்ன நோயுள்ள இன்னாருக்கு இன்னது ஆகும், இன்னது ஆகாது என்று சொல்வது 'ஆலோசனை'. அதற்கு உரிமம் வேண்டும். ஆனால் ஒரு கடைக்காரர் தன் கடை அலமாரியில் உள்ள பொருளைக் காட்டி அதையே சொன்னால், அது 'தகவல்'. அதற்கு உரிமம் வேண்டாம். அதாவது, சொல்லிவிட்டுச் சும்மா போகிறவர்தான் ஆபத்தானவர். சொல்லிவிட்டு ஒரு டப்பாவையும் விற்கிறவரால் ஆபத்து இல்லை. இந்த நுட்பம் முதலில் எனக்கும் விளங்கவில்லை. புரத மாவு டப்பா வியாபாரிகள் சங்கத்தார் ஒரு விருந்தில் பொறுமையாக விளக்கிய பிறகு விளங்கியது.

இப்பேர்ப்பட்ட சட்டத்துக்குச் சவாலாக வந்தவர் மாரிபெத் ஓஸ்லுண்ட் என்ற பெண்மணி.

மாரிபெத் பக்கத்து மாநிலத்தில் உரிமம் பெற்ற உணவு ஆலோசகர். பல வருடம் அங்குள்ள மருத்துவமனையில் சிறுநீரக நோயாளிகளுக்கு என்ன சாப்பிடலாம் என்று சொல்லிவந்தவர். எங்கள் மாநிலத்தின் எல்லை ஊரான வேபர்ஸ் க்ராசிங்கில் ஒரு பன்றிப் பண்ணைக்காரரைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் குடிவந்தார். வேபர்ஸ் க்ராசிங் மருத்துவ நிலையத்தில் உணவு ஆலோசகர் நாற்காலி காலியாகவே இருந்தது. அவர்கள் மாரிபெத்துக்காகக் காத்திருந்தார்கள். மாரிபெத் எங்கள் உரிமத்துக்காகக் காத்திருந்தார். நாங்கள் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தோம். பயிற்சிக் காலத்தில் அவரை மேற்பார்வை செய்தவர், அந்தப் பயிற்சி நடந்தது என்று இப்போது கையெழுத்திட்டுத் தரவேண்டும் என்பது விதி.

"அவர் செத்துட்டாருங்க" என்றார் மாரிபெத், தொலைபேசியில்.

"ஆழ்ந்த அனுதாபங்கள். கையெழுத்து எப்போ கிடைக்கும்?"

"செத்துட்டாருன்னு சொல்றேன்."

"புரியுதும்மா. அதனாலதான் அவகாசம் தர்றோம்."

அவகாசம் தந்ததற்கு அவர் நன்றி சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அப்படியிருக்க, பெயர் போடாத ஒரு புகார் எங்களுக்கு வந்தது. மாரிபெத் ஓஸ்லுண்ட் என்பவர் தினமும் காலையில் பியூலாவின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, உரிமமின்றி, இலவசமாக, கேட்டவர்க்கெல்லாம் ஆலோசனை வழங்கி, 'நேர்மையாகத் தொழில் நடத்தும் வணிகர்களின் வயிற்றில் அடிக்கிறார்' என்று புகார் சொன்னது. அதை எழுதியது யார் என்று எங்களுக்குத் தெரியாது. காகிதத்தில் வெனிலா சேர்த்த புரத மாவின் வாசனை அடித்தது. வேபர்ஸ் க்ராசிங்கில் வெனிலா மாவு விற்பவர் ரஸ் பெலமி ஒருவர்தான். ஆனால் வாசனை சாட்சியம் ஆகாது.

விசாரணைக்கு நானே நேரில் போனேன். என் அக்கா ஜெரியும், அவள் கணவர் ஆர்வில் கெஸ்ட்னரும் அந்த ஊர்க்காரர்கள்தான். விடுதிச் செலவு மாநிலத்துக்கு மிச்சம்.

ஆர்வில் அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர் தானிய மண்டியில் லாரிகளுக்கு எடை போட்டு ஓய்வு பெற்றவர். எடை மேடைக்கு மாநில அரசின் முத்திரை வருடா வருடம் வைக்கப்பட வேண்டும். ஒரு தடவை முத்திரை வைக்கும் அதிகாரி வரத் தாமதமானபோது, அறுவடை லாரிகள் சாலையில் மைல் கணக்கில் நின்றன. மேடை சரியாகத்தான் காட்டுகிறது என்று மண்டி முதலாளியே கெஞ்சினார். அத்தான் ஒரு லாரிக்குக்கூட எடை போடவில்லை. "முத்திரை இல்லாத தராசு சரியா காட்டினாலும் அது எடை இல்ல" என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். எங்கள் குடும்பத்தில் என் பதவியை மதிக்கிற ஒரே ஆளும் அவர்தான்.

அந்த வருடம் அவருடைய சிறுநீரகங்கள் மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தன. மருத்துவ நிலையத்தில் டாக்டர் அவசர அவசரமாகப் பார்த்துவிட்டு, "உப்பைக் குறைங்க. மத்ததை நம்ம உணவு ஆலோசகர் சொல்வாங்க" என்று பக்கத்து அறையைக் காட்டினாராம். பக்கத்து அறையில் காலி நாற்காலி இருந்தது. அத்தான் அதன் எதிரில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

பியூலாவின் கடை மாநில எல்லையின் மேலேயே இருப்பதாக ஊரார் நம்பினார்கள். வாசலிலிருந்து சமையலறைக் கதவு வரை தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு மேற்கே எங்கள் மாநிலம், கிழக்கே பக்கத்து மாநிலம். கிழக்கே விற்பனை வரி குறைவு. அதனால் கல்லாப்பெட்டி அங்கே இருந்தது. மேற்கே குளிருக்கு அறையைச் சூடேற்றும் கருவி இருந்தது. அதனால் கிழவர்கள் இங்கே இருந்தார்கள்.

நான் போன காலையில் அத்தானும் நானும் கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மாரிபெத் கிழக்குப் பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நெட்டையான பெண்மணி, காலில் பண்ணைச் செருப்பு. அத்தான் எழுந்தார். ஒரு கையில் தட்டையும் மறு கையில் நாற்காலியையும் எடுத்துக்கொண்டு, தரையில் கீச்சென்று இழுத்தபடி கோட்டைத் தாண்டினார். கடையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

"இப்போ கேக்கலாமா?" என்றார் அத்தான்.

"பின்னங்கால் ரெண்டும் இன்னும் அங்கதான் இருக்கு, ஆர்வில்."

"என் காலா?"

"நாற்காலியோட கால். இழுங்க. ம், இப்போ கேளுங்க."

"இந்தப் பொரிச்ச உருளைக்கிழங்கு?"

"அதை ஆசையோட ஒரு தடவை பாத்துட்டு பியூலாகிட்ட திருப்பிக் கொடுங்க. உங்க ரத்தத்துல பொட்டாசியம் ஏற்கனவே அளவுக்கு மேல இருக்கு. கிழங்கு வேணும்னா துண்டு போட்டு, வேக வச்சு, தண்ணியைக் கொட்டிட்டு, மறுபடி புதுத் தண்ணியில வேக வச்சு, கொஞ்சமா சாப்பிடணும்."

"அதுல என்ன ருசி இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. ஆனா அடுத்த வருஷமும் இங்க உக்காந்து என்கிட்ட புலம்பலாம்."

பியூலா தட்டை எடுத்துக்கொண்டு போனார். "இவ வந்ததுலேர்ந்து என் கிழங்கெல்லாம் போன வழியே திரும்பி வருது" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே ஒரு முட்டையைப் பொரித்துக்கொண்டு வந்து வைத்தார்.

நான் குறிப்பேட்டை எடுத்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு செயலாளன் மேலோட்டமாகப் பார்க்க மாட்டான். மாரிபெத் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. என் காது எங்கள் மாநிலத்தில் இருந்தது.

இதை வாரியக் கூட்டத்தில் அறிக்கையாக வைத்தேன். கூட்டத்துக்கு வழக்கம்போல ஒரு பெட்டி டோனட் வந்திருந்தது. தலைவர் டாக்டர் விங்கேட் சர்க்கரை தூவியதை எடுத்துக்கொண்டு, விவாதத்தைத் தொடங்கி வைத்தார்.

"வாய் கிழக்கே இருந்தது. அதுல சந்தேகம் இல்லையே?"

"இல்லைங்க. வாய் முழுசா கிழக்கேதான்."

"நோயாளியோட காது?"

"ரெண்டும் கிழக்கே."

"உங்க காது?"

"மேற்கே, ஐயா."

"அப்போ ஆலோசனை எல்லையைத் தாண்டியிருக்கு."

"ஆனா எனக்கு அது பயன்படலைங்களே. என் சிறுநீரகம் நல்லாத்தான் இருக்கு."

"பயன்படுதா இல்லையான்னு பாக்கறது நம்ம வேலை இல்ல, லைல்" என்றார் தலைவர் கனிவாக. அவர் மூக்கில் சர்க்கரை ஒட்டியிருந்தது. அந்தக் கணத்தில் அவர் முகத்தில் ஒரு தேஜஸ் தெரிந்தது.

ஓர் உறுப்பினர், மாரிபெத் மெல்லிய குரலில் பேசினால் போதுமா என்று கேட்டார். மெல்லிய குரல் என்றால் எவ்வளவு மெல்லிய குரல் என்று இன்னொருவர் கேட்டார். துணைக் குழு அமைக்கலாம் என்று மூன்றாமவர் முன்மொழிந்தார். கடைசியில், முதலில் எல்லை எங்கே இருக்கிறது என்பதை அதிகாரப்பூர்வமாக அறிவது என்றும், அதற்காக நில அளவையாளர் ஒருவரை அனுப்புவது என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. பெட்டியில் மீதமிருந்த டோனட்டுகள் சமமாகப் பங்கிடப்பட்டன.

நில அளவையாளர் போனார். மூன்று கால் கருவியை நட்டார். செயற்கைக்கோளிடம் கேட்டார். மஞ்சள் கோடு தப்பு என்று தெரிந்தது. யாரோ எந்தக் காலத்திலோ கண்ணால் மதிப்பிட்டுப் போட்ட கோடு அது. உண்மையான எல்லை கடைக்கு வெளியே, கார் நிறுத்தும் இடத்தையும் தாண்டி, குப்பைத் தொட்டியின் நடுவே போனது. கடை முழுவதும் எங்கள் மாநிலம்.

இந்த நற்செய்தியைச் சொல்லவும், தடை ஆணையை மாரிபெத்திடம் சேர்க்கவும் மறுபடி நானே போனேன். வெளியே கடும் பனி. பியூலா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்போ இத்தனை வருஷமா நான் எந்த மாநிலத்துல கடை வச்சிருந்தேன்?"

"எங்க மாநிலத்துலதாங்க. வாழ்த்துகள்."

"வாழ்த்தா? இனிமே எல்லாச் சாப்பாட்டுக்கும் உங்க வரியா?"

"ஆமாங்க."

"குப்பைத் தொட்டி மட்டும் அந்த மாநிலம்?"

"பாதித் தொட்டிதாங்க."

"நல்ல பாதியைத்தான் எடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு பியூலா உள்ளே போனார். அன்று எனக்குக் காப்பி வரவில்லை.

மாரிபெத் ஆணையை நின்றபடியே படித்தார்.

"அப்போ சிறுநீரகம் கெட்டவங்க எல்லாம் இந்த ஐஸ்ல நடந்து, குப்பைத் தொட்டிக்குப் பின்னாடி வந்து என்கிட்ட கேக்கணும். அப்படித்தானே?"

"வரணும்னு கட்டாயம் இல்லைங்க. அது பொதுமக்களோட உரிமை."

"உங்களுக்கு இது சிரிப்பா வரலையா, மிஸ்டர் ப்ரூவெட்?"

"ஆணையைப் படிச்சு யாரும் சிரிச்சது இல்லைங்க."

"அதான் கஷ்டம்" என்றார் அவர்.

அந்த ஊர் ஜனங்கள் சட்டத்தை மதிப்பவர்கள். மறுநாள் முதல் மாரிபெத் தடித்த கோட்டு மாட்டிக்கொண்டு குப்பைத் தொட்டிக்குக் கிழக்கே நின்றார். அத்தானும் போனார். முதல் நாள் தக்காளி சாஸ் பற்றிக் கேட்டுவிட்டு மூக்கு சிவக்கத் திரும்பி வந்தார். இரண்டாம் நாள் ஐஸில் வழுக்கி இடுப்பை அடித்துக்கொண்டார். அதோடு நிறுத்திவிட்டார். வயதானவர்கள் அரசு வழங்கும் வசதிகளை முழுமையாகப் பயன்படுத்துவதில்லை என்பது எங்களுக்குப் பழைய வருத்தம்.

மாரிபெத் இல்லாத குறையை ரஸ் பெலமி தீர்த்து வைத்தார். அவருடைய கடையில் புரத மாவு, மீன் எண்ணெய் மாத்திரை, கடற்பாசித் தூள் எல்லாம் கூரை வரை அடுக்கியிருக்கும். "டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாரா? எதுக்குக் குறைக்கணும், ஆர்வில்? இந்தாங்க, சோடியமே இல்லாத உப்பு. அதே ருசி" என்று ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தாராம். பொருள் அலமாரியில் இருந்தது. ஆகவே அது தகவல்.

ஆணை அமலில் இருக்கிறதா என்று பார்க்க நான் மூன்றாவது முறை போயிருந்த காலையில்தான் அது நடந்தது. அத்தானும் நானும் சூடேற்றும் கருவிக்குப் பக்கத்தில் இருந்தோம். பியூலா முட்டையும் வேகவைத்த கிழங்கும் கொண்டுவந்தார். அத்தான் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். புதையலை எடுத்த மாதிரி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில்.

"மாப்ள, இதுல சோடியமே இல்லையாம். டாக்டர் வேண்டாம்னது சோடியத்தைத்தானே. அப்போ போட்டுக்கலாம் இல்ல? நீதானே இதுக்கெல்லாம் ஆபீசர்."

அடுத்த மேசையில் மாரிபெத்தின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"ஆர்வில், வெளியே வரீங்களா? ஒரே நிமிஷம்" என்றார்.

"குப்பைத் தொட்டிக்கா? இடுப்பு இன்னும் வலிக்குதும்மா."

"நான் பிடிச்சுக்கறேன், வாங்க."

நான் தொண்டையைச் செருமினேன். "அம்மா, நோயாளியை நீங்களா கூப்பிடுறது தொழில் விளம்பரம். ஆணையோட இரண்டாம் பத்தி."

"பொதுவா ஒண்ணு சொல்லலாமா? யாரையும் குறிக்காம?"

"பொதுத் தகவலுக்குத் தடை இல்லைங்க."

"பொதுவா, சிறுநீரகம் கெட்ட ஒருத்தர்..."

"ஒருத்தர்னா அது தனிநபர்."

"சிறுநீரகம் கெட்ட எல்லாரும்..."

நான் கடையைச் சுற்றிப் பார்த்தேன். "இந்த இடத்துல அப்படி எத்தனை பேர் இருக்காங்க?"

பியூலா ஆர்விலைக் காட்டினார்.

"அப்போ எல்லாரும்னாலும் அது இவர் ஒருத்தர்தான்" என்றேன். இந்தத் தர்க்கம் அந்தக் கணத்தில் தானாகவே என் வாயில் வந்தது. பின்னால் வாரியம் இதைப் பாராட்டிக் கூட்டக் குறிப்பில் ஏற்றியது.

மாரிபெத் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். மேசையருகே வந்து அந்த டப்பாவின் மேல் கையை வைத்தார். குரலைத் தாழ்த்தவில்லை.

"ஆர்வில், இதைத் தொடாதீங்க. இதுல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம்தான் இருக்கு. உங்களுக்கு எது ஆகாதுன்னு இத்தனை நாளா சொன்னேனோ அதைத்தான் டப்பால போட்டு வித்திருக்காங்க. உங்க இதயம் நின்னுடும்."

எங்கள் மாநில மண்ணில், பட்டப்பகலில், வாரியச் செயலாளரின் கண்முன்னே, ஒரு தனிநபரின் பெயரைச் சொல்லி, உரிமமற்ற ஆலோசனை. நான் நிதானத்தை இழக்கவில்லை.

"அத்தான், இந்த அம்மா சொன்னது செல்லாது."

அத்தான் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செல்லாதுன்னா? தப்பா?"

"தப்பா சரியாங்கறது வேற விஷயம். செல்லாது."

"லைல்" என்றார் மாரிபெத். முதல் தடவையாக என் பெயரைச் சொல்லி அழைத்தார். "என் மேல கேஸ் போடுங்க. உரிமம் தராதீங்க. என்ன வேணா பண்ணுங்க. அவரை மட்டும் அதைப் போட விடாதீங்க."

அத்தான் கொஞ்ச நேரம் யோசித்தார். லாரியோடு ஒருவன் வந்து நிற்பதைப் பார்க்கிற மாதிரி மாரிபெத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான இரக்கம் இருந்தது.

"நீ நல்ல பொண்ணும்மா. நான் இல்லேங்கல. ஆனா முத்திரை இல்ல பாரு. முத்திரை இல்லாத தராசை நான் என் வாழ்நாள்ல ஏத்துக்கிட்டது இல்ல. மாப்ள, நீ சொல்லு."

குடும்பத்தார் ஒருவருக்கொருவர் கட்டணமின்றி உணவு விஷயத்தில் எதுவும் சொல்லிக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. நான் அவர் மைத்துனன். கட்டணம் வாங்கவில்லை. அந்தக் கடையில் அவருக்கு ஆலோசனை சொல்லச் சட்டப்படி அதிகாரம் பெற்றிருந்த ஒரே ஆள் நான்தான்.

"சோடியம் இல்லேன்னா தாராளமா போட்டுக்குங்க, அத்தான்" என்றேன்.

போட்டுக்கொண்டார். சாப்பிட்டுவிட்டு, "மாசக்கணக்குக்கு அப்புறம் இன்னிக்குத்தான் கிழங்கு கிழங்கு மாதிரி இருக்கு" என்றார். மாரிபெத் தன் குளிர் கோட்டைக்கூட எடுத்து மாட்டாமல் வெளியே போய்விட்டார். கண்ணாடி வழியே பார்த்தேன். குப்பைத் தொட்டியருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

அடுத்த வாரம் அத்தான் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் படியேறும்போது கால்கள் துவண்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. நெஞ்சு துடிக்க மறந்து மறந்து துடித்தது. ஆம்புலன்ஸ் அவரை எல்லையைத் தாண்டிப் பக்கத்து மாநில மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. ஆம்புலன்ஸ்காரர்கள் குப்பைத் தொட்டியைத் தாண்டும்போது எந்த மாநிலம் என்று பார்க்கவில்லை.

நான் தலைநகரிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு அந்த மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தேன். பயமாக இருந்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அத்தான் உயிரோடு இருந்தார். உடம்பெல்லாம் குழாய். கட்டிலருகே மாரிபெத் உட்கார்ந்திருந்தார். அந்த மருத்துவமனையில் அவருடைய உரிமம் செல்லும்.

அத்தான் மெதுவாகக் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

"இப்போ கேக்கலாமா? கட்டில் காலு நாலும் இந்தப் பக்கம்தான்."

"கேளுங்க, ஆர்வில்."

"நான் வீட்டுக்குப் போயிடுவேனா?"

மாரிபெத் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அது உணவு சம்பந்தமான கேள்வி இல்லை.

வீட்டுக்குப் போனார். ஆனால் மிச்சமிருந்த கொஞ்சம் சிறுநீரகமும் போய்விட்டது. இப்போது வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தின் பக்கத்தில் சாய்ந்து கிடக்கிறார். அது ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிறது. அவரால் மீன் பிடிக்கப் போக முடிவதில்லை. தண்ணீர்கூட அளந்துதான் குடிக்கிறார். அக்கா ஜெரி அவரை வண்டியில் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, ஒரே குளிர்காலத்தில் கிழவி ஆகிவிட்டாள்.

அவர் கட்டிலில் கிடந்த அன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அக்கா என்னிடம் கேட்டாள்.

"லைல், மாரிபெத்கிட்ட கேட்டேன். ஏன்மா நீ ஒரு வார்த்தை சொல்லலைன்னு."

"என்ன சொன்னாங்க?"

"சொன்னேன்னு சொன்னா. பக்கத்துல உங்க தம்பி இருந்தாருன்னும் சொன்னா."

நான் சட்டப் பிரிவை விளக்க ஆரம்பித்தேன். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினாள். பிறகு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தாழ்வாரக் கோடியில் ஒரு சிப்ஸ் இயந்திரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

வாரியம் தன் கடமையில் சுணங்கவில்லை. அடுத்த கூட்டத்திலேயே மாரிபெத் ஓஸ்லுண்ட் விசாரிக்கப்பட்டார். குற்றத்தை மறுக்கவில்லை, "இன்னும் சத்தமா சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அவர் கூறிய ஆலோசனை முற்றிலும் சரியாக இருந்தது என்பதை உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதுவே குற்றத்தைக் கடுமையாக்கியது. தவறாகச் சொல்லியிருந்தால் மக்கள் ஒரு தடவையோடு விட்டிருப்பார்கள். சரியாகச் சொன்னால் மறுபடியும் கேட்க வருவார்கள் அல்லவா? விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மருத்துவ நிலையத்தின் அந்த நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ரஸ் பெலமி இப்போது 'பொதுமக்கள் பிரதிநிதி' என்ற முறையில் எங்கள் வாரிய உறுப்பினர். டோனட் அவருடைய உபயம்.

அதன் பிறகு இன்னொரு புகார் வந்தது. இதில் பெயர் இருந்தது. எழுதியவர் ஜெரி கெஸ்ட்னர். என் அக்கா. உணவு விஷயத்தில் ஒன்றுமே தெரியாத ஓர் ஆள் தன் கணவருக்குச் சாப்பாடு பற்றி ஆலோசனை சொல்லி, அவரைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோனதாகவும், அந்த ஆளின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாள். ஆளின் பெயர்: லைல் ப்ரூவெட்.

வாரியத்துக்கு வரும் புகார்களை முதலில் படிப்பது செயலாளர். படித்தேன். உறவு பாராமல், ஒரு வரி விடாமல் பரிசீலித்தேன். சட்டப் புத்தகத்தை எடுத்து இரண்டு தடவை புரட்டினேன். சட்டம் தெளிவாக இருந்தது. அன்றே பதில் அனுப்பினேன்:

'மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு. தங்கள் கணவருக்குத் தவறான ஆலோசனை சொன்னவர் உரிமமற்ற தொழில்முறையாளர் அல்லர். தங்கள் தம்பி. எனவே இதனால் பொதுமக்களுக்கு எவ்வித ஆபத்தும் நேரவில்லை என்று வாரியம் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறது.'